ஒரே ஒரு பிலிமோடு வா

"வர்தினி கோழி மாதிரிடி. முட்டை போட்டுக்கிட்டே இருக்கா. ஒண்ணு மேலயாவது உக்காந்து அடைகாக்கணுமே, அது மட்டும் கிடையாது."

அச்சுக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டி அருகில் மிதுன் சொன்னான். பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த ஜெசிமா சிரித்தாள்.

"நீ ஒரே முட்டையை மூணு மாசமா அடைகாக்குற. அது கூமுட்டைன்னு உனக்கு யாருடா சொல்றது?"

தாள் உலர்த்தும் அடுக்குக்குப் பின்னால் வர்தினி நின்றிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. முட்டைகளின் கணக்கு அவளுக்குத் தெரியும். நானூற்றுப் பன்னிரண்டு. வகுப்பில் வேறு யாரிடமும் பத்துக்கு மேல் இல்லை.

ஆனால் அன்று வெள்ளிக்கிழமை.

திருப்பூருக்கு வெளியே, பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்தது அந்த டிசைன் கல்லூரி. கடைசி ஆண்டு மாணவர்கள் இருபத்திரண்டு பேர். கீழ்த்தளத்து நீளச் சுவரில் இருபத்திரண்டு ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்குக் கீழும் ஒரு பெயர். தன் கையால் அச்சிட்ட ஒரு தாளை ஒவ்வொருவரும் அங்கே மாட்டவேண்டும். அன்று மாலை நான்கு மணிக்குத் துறைத் தலைவர் சுவரைப் பார்வையிடுவார். வெறும் ஆணி இருந்தால் அந்தப் பெயருக்கு உரியவர் இன்னோர் அரையாண்டு படிக்கவேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு இருபத்தோர் ஆணிகளில் தாள் தொங்கியது.

வர்தினி ஜூலை மாதம் ஓர் அழிப்பானைச் செதுக்கி ஆய்த எழுத்து ஒன்றைச் செய்தாள். மூன்று புள்ளிகள். கத்தி வழுக்கியதில் மேல் புள்ளியில் ஒரு சிறு கீறல். அதை மையில் தோய்த்துத் தாளில் குத்தி, ஸ்கேன் செய்து, கணினிக்குள் ஏற்றினாள். பிறகு ஒரு புரோகிராம் எழுதினாள். ஓர் எண்ணைக் கொடுத்தால் அந்த மூன்று புள்ளிகள் நூறாக, ஆயிரமாகப் பெருகித் தாள் முழுக்க ஒரு கோலத்தில் நிற்கும். எண்ணை மாற்றினால் வேறு கோலம். ஒன்று மழை போல இருக்கும். இன்னொன்று புடவைக் கரை போல. இன்னொன்று ரயில் நிலையக் கூட்டத்தை மேலே இருந்து பார்ப்பது போல.

புரோகிராமில் ஒரு குறையும் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு கேள்விதான். அதை எடுத்துக்கொண்டு அவள் ரெஜினாவிடம் போனாள்.

ரெஜினா ஆசிரியை அல்ல. ஆசிரியர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அச்சுக்கூட உதவியாளர் என்று அடையாள அட்டையில் இருக்கும். வயது முப்பத்து மூன்று. ஒரு டேபிள் பிரிண்டிங் யூனிட்டில் ஒன்பது வருடம் டீ-சர்ட்டுகளுக்கு மை இழுத்துவிட்டு இங்கே வந்தவள். மாணவர்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். கேள்வி கேட்டால் அவள் அநேகமாகப் பதில் சொல்வதில்லை. முதல் நாள் மிதுன், "மை இழுக்குறப்ப எவ்வளவு அழுத்தணும்க்கா?" என்று கேட்டான். அவள் அவனைத் திரும்பி நிற்கச் சொன்னாள். அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். "இவ்வளவு" என்றாள். மிதுன் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவனுடைய அச்சில் மை திட்டுத் திட்டாக விழுந்ததும் இல்லை.

வர்தினி லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, எது நல்லதுன்னு எப்படித் தெரியும்?"

ரெஜினா மைக் கரண்டியைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை இருக்கு?"

"நானூத்திப் பன்னெண்டு."

"அடேயப்பா. ஒண்ணு காட்டு."

வர்தினி ஒன்றைக் காட்டினாள்.

"நல்லாத்தான இருக்குது. இதுக்கென்ன?"

"நெருக்கம் அதிகம்க்கா. மூச்சு முட்டுது."

"அடுத்தது?"

"இது ரொம்ப விட்டு விட்டு நிக்குது."

"இது?"

"இது எல்லாருக்கும் பிடிக்கும். அதான் பிரச்சனை."

ரெஜினா சிரித்தாள். "சரி, இது?"

"மேல பாருங்க, வலது மூலையில கொஞ்சம் சாயுது. மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

இருபது, முப்பது என்று போனது. ஒவ்வொன்றின் குறையையும் வர்தினி தயங்காமல் சொன்னாள். அந்தச் சமயத்தில் அவள் குரல் தெளிவாக, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எண்பத்தெட்டாவது வந்தபோது மட்டும் விரல் சட்டென்று அடுத்ததற்கு நகர்ந்தது.

"இரு அம்மிணி. அதை ஏன் ஓட்டுன?"

"அது ஆரம்பத்துல வந்தது, அக்கா. புரோகிராம்ல ஒரு தப்பு இருந்துச்சு. கீழ இடது பக்கம் பாருங்க, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு, சர்க்கரையில எறும்பு மொய்ச்ச மாதிரி. அப்புறம் தப்பைச் சரி பண்ணிட்டேன். இனிமே அப்படி வராது."

"அப்ப அழிச்சுடறதுதான?"

"அழிக்கலாம்."

"ஏன் அழிக்கல?"

வர்தினியின் கை மேசைமேல் இருந்த தன் நீல ஃபைல்மேல் போனது. அதற்குள் ஒரே ஒரு பிலிம் இருந்தது. கண்ணாடி போன்ற தாளில் கறுப்பாக அச்சிட்ட பிலிம். பிலிம் இருந்தால்தான் அச்சுக்கு ஏற்ற முடியும். ரெஜினா ஃபைலைத் திறந்து அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். கீழே இடது பக்கம் எறும்புகள்.

"அது சும்மா, டெஸ்ட்டுக்கு எடுத்தது" என்றாள் வர்தினி.

ரெஜினா பிலிமை ஃபைலுக்குள் வைத்தாள்.

"அக்கா, நீங்களே ஒண்ணு சொல்லிடுங்களேன். நீங்க எது சொன்னாலும் அதையே அடிச்சுடறேன்."

"நான் சொன்னா ஆணிக்குக் கீழ என் பேரை எழுதோணும். எனக்கு அங்க ஆணி இல்ல."

அவள் எழுந்து அடுக்கிலிருந்து ஒரு ஸ்கிரீனை எடுத்தாள். மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை. வர்தினியின் தாள் அளவுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். இருட்டறைக்குள் போய் வலையின் இரு பக்கமும் எமல்ஷன் பூசினாள். பச்சை நிறத்தில், தயிர் போன்ற குழம்பு. அது காய்ந்த பிறகு வெளிச்சம் படும் இடம் இறுகிவிடும். பிலிமின் கறுப்பு மறைத்த இடம் இறுகாது. தண்ணீர் அடித்தால் அந்த இடம் மட்டும் கரைந்து வழி விடும். அந்த வழியாகத்தான் மை தாளில் இறங்கும். அச்சுக்கூடத்துக்கு வந்த முதல் வாரமே எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம் இது.

ரெஜினா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பத்தரைக்குக் காஞ்சிரும். நான் ஸ்டோருக்குப் போய் மை வாங்கியாறேன். ஒரே ஒரு பிலிமோடு வா. போச்சாது, எதுன்னாலும் சரி. ஒண்ணு."

பத்தரைக்கு வர்தினி இருட்டறை வாசலில் நின்றாள். கையில் பிலிம் இல்லை. லேப்டாப் இருந்தது.

அவளுக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியிருந்தது. தனியாகப் பார்த்தால் முடிவு செய்ய முடியவில்லை. ஸ்கிரீனோடு வைத்துப் பார்த்தால்? எந்தக் கோலம் அந்தச் சட்டத்துக்குள் சரியாக உட்காருகிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. "உள்ளே மொபைல் போன் கொண்டுவரக் கூடாது." வர்தினி விதிகளை மீறுகிறவள் அல்ல. போனை வெளியே ஸ்டூல்மேல் வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

எமல்ஷனை இறுக்காத மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்கிரீன் காய்ந்து, தொட்டால் வழுவழுப்பாக இருந்தது. அவள் லேப்டாப்பைத் திறந்து பலகைமேல் வைத்து, அதன்மேல் ஸ்கிரீனைச் சாய்த்தாள். பச்சை வலை வழியே கோலம் மங்கலாகத் தெரிந்தது. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினாள். இப்போது நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் பத்து நொடி நிற்கும்படி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஏழாவது நன்றாக இருந்தது. எட்டாவது வந்ததும் ஏழாவது சுமாராகிவிட்டது. அறுபதாவதில் எழுந்து நின்றேவிட்டாள். அறுபத்து நான்காவதில் மறுபடி உட்கார்ந்தாள். எண்பத்தெட்டு வந்தபோது பத்து நொடியும் கீழே இடது பக்கத்தையே பார்த்தாள். அது போய்விட்டது. இருநூறு தாண்டியது. முந்நூறு தாண்டியது. நானூற்றுப் பன்னிரண்டு முடிந்து மறுபடி ஒன்று வந்தது.

கதவு தட்டப்பட்டது.

"அம்மிணி, பிலிம் ரெடியா?"

"ரெடிக்கா. ரெண்டே நிமிஷம்."

அவள் லேப்டாப்பிலிருந்து இருநூற்றைந்தைப் பக்கத்து அறை பிரிண்டருக்கு அனுப்பினாள். ஏன் இருநூற்றைந்து என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. ஓடிப்போய் பிலிமை எடுத்து வந்தாள். கண்ணாடி மேசையில் பிலிமை வைத்து, அதன்மேல் ஸ்கிரீனை வைத்து, அடியில் இருந்த விளக்கைப் போட்டாள். எட்டு நிமிடம். பிறகு ஸ்கிரீனைத் தண்ணீர்த் தொட்டிக்குத் தூக்கி வந்து குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் பச்சையில் பட்டு வழிந்தது.

புள்ளிகள் திறக்கவில்லை.

இன்னும் வேகமாக அடித்தாள். விரலால் தடவினாள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். ஓர் ஊசிமுனை அளவுகூடத் துளை இல்லை. வலை முழுக்க ஒரே பச்சை.

"இது எப்படி..." என்றாள். "எட்டு நிமிஷம்தான் வச்சேன். பிலிம் நல்ல கறுப்பு."

ரெஜினா இருட்டறைக்குள் போனாள். பலகைமேல் லேப்டாப் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. மூலையில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. நூற்றிருபத்தொன்று. நூற்றிருபத்திரண்டு.

"இது எவ்வளவு நேரமா ஓடுது?"

"ஒரு... ஒரு மணி நேரத்துக்கு மேல. அக்கா, நான் போனை வெளியதான் வச்சேன்."

"ஆமாமா. போனை வெளிய வச்சுட்டு டிவியை உள்ள கொண்டாந்துட்ட."

வாசலில் எட்டிப் பார்த்த மிதுன் சிரிக்க வாயெடுத்தான். ஜெசிமா அவன் காலை மிதித்தாள்.

வர்தினிக்கு இப்போதுதான் புரிந்தது. அவள் லேப்டாப்பை மூடினாள். அறை மறுபடி மஞ்சளானது.

"ஒண்ணுமே விழலையேக்கா" என்றாள்.

"யாரு சொன்னா? எல்லாமே விழுந்திருக்கு. நானூத்திப் பன்னெண்டும்."

"வேற ஸ்கிரீன்?"

"உன் அளவுக்கு இல்ல."

மணி பன்னிரண்டு இருபது.

ரெஜினா அந்த ஸ்கிரீனைத் துணியால் துடைத்து அச்சு மேசைக்குக் கொண்டுபோனாள். தடித்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். விளிம்புகளை அளந்து ஒட்டினாள். ஸ்கிரீனை அதன்மேல் இறக்கினாள். புதிதாக வாங்கி வந்த மை டப்பாவைத் திறந்து, கருநீல மையை ஒரு கரண்டி எடுத்து வலையின் தலைமாட்டில் வரிசையாக ஊற்றினாள். ரப்பர்க் கட்டையை இரு கையாலும் பிடித்தாள். ஒரே இழுப்பு. மை சீராக, ஒரு கோடுகூட இல்லாமல் வலைமேல் பரவியது. மிதுன் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்படி ஓர் இழுப்பை அவன் அந்த வருடம் முழுக்கப் பார்த்ததில்லை.

அவள் ஸ்கிரீனைத் தூக்கினாள்.

தாள் வெள்ளையாக இருந்தது.

விரல் படாமல் ஓரங்களைப் பிடித்து அதை எடுத்து, இரண்டு கையாலும் வர்தினியிடம் நீட்டினாள். பாக்கெட்டிலிருந்து ஒரு பென்சிலையும் எடுத்துக் கொடுத்தாள்.

"கீழ பேரை எழுது. ஆணில மாட்டிடலாம்."

"இதையா?"

"இது உன் அச்சுதான?"

"இதுல ஒண்ணுமே இல்லையேக்கா."

"அது கெடக்கட்டும். காலையில ஒவ்வொண்ணுக்கும் சொன்ன பாரு. நெருக்கம்ன, சாயுதுன்ன. இதுலயும் ஒரு குறை சொல்லு."

வர்தினி தாளைப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். வலது மூலையைப் பார்த்தாள். கீழே இடது பக்கத்தைப் பார்த்தாள்.

மேலே மின்விசிறி சுற்றியது.

அவள் தாளை உலர்த்தும் அடுக்கின் மேல் தட்டில் வைத்தாள். பென்சிலை அதன் பக்கத்தில் வைத்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். மையைக் கழுவினாள். இறுகிய எமல்ஷனைக் கரைக்கும் மருந்தை ஊற்றி, பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தாள். பச்சை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்தது. ஜெசிமா சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மிதுன் இரண்டாவது பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தான்.

"நான் மறுபக்கம் தேய்க்கட்டா?"

"வேண்டாம். நீ போய் உன் முட்டையைப் பாரு."

மிதுனின் காது சிவந்தது. பிரஷ்ஷை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தான்.

ஒன்றரைக்கு வலை மறுபடி வெள்ளையானது. மின்விசிறிக்குக் கீழே காயவைத்தாள். தானே எமல்ஷன் பூசினாள். அது காயும் வரை இருட்டறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். ரெஜினா தன் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதத்தில் பாதியை ஒரு மூடியில் வைத்துப் பக்கத்தில் தள்ளினாள். வர்தினி சாப்பிட்டாள்.

மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தபோது வர்தினி எழுந்தாள். லேப்டாப்பை ஜெசிமாவிடம் கொடுத்தாள்.

"நான் கேட்டாலும் குடுக்காத."

"எதை அடிக்கப் போற?"

வர்தினி நீல ஃபைலைத் திறந்தாள். அதில் இருந்த ஒரே பிலிமை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் ஸ்கிரீனோடு வெளியே வந்து குழாயைத் திறந்தபோது புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மேல் புள்ளிகளில் எல்லாம் அழிப்பானில் விழுந்த கீறல் இருந்தது. கீழே இடது பக்கம் கடைசியாகத் திறந்தது. மின்விசிறிக்குக் கீழே வலையின் ஈரம் காயும் வரை அவள் சட்டத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

மூன்று இருபத்தைந்துக்கு வர்தினி உலர்த்தும் அடுக்கிலிருந்து அந்த வெள்ளைத் தாளையே எடுத்து மேசையில் விரித்தாள். ஸ்கிரீனை இறக்கினாள். மையை ஊற்றினாள். ரப்பர்க் கட்டையை இரு கையாலும் பிடித்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

ஸ்கிரீனைத் தூக்கினாள். கீழே இடது பக்கம் எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

பென்சிலை எடுத்து, அவற்றுக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.